நாற்பத்தெட்டுப் பேரின் மனசாட்சி

சேலம் பக்கத்தில் ஒரு பஸ் கம்பெனி, பார்வைக் குறைவு உள்ள பதினான்கு ஓட்டுநர்களை ஒரே நாளில் வண்டியை விட்டு இறக்கி, சம்பளத்தைக் குறைக்காமல் வேறு வேலை கொடுத்தது என்று வெள்ளிக்கிழமை பேப்பரில் ஒரு சின்னச் செய்தி வந்திருந்தது. நடுவன் ஆணைப்படி நடந்தது என்று கடைசி வரியில் போட்டிருந்தார்கள். கோகிலவாணி அதை மறுபடி படித்தாள். பதினான்கு பேர். அதில் மூன்று பேர், கண் பரிசோதனைக்கு முன்பே எழுத்து அட்டையை மனப்பாடம் செய்துகொண்டு போனவர்கள்.

அவள் பையிலிருந்து நோட்டை எடுத்தாள். புதன்கிழமை வகுப்பில் வந்த வழக்கு அதில் இருந்தது. அது படகுக் கம்பெனி, ஊர் கேரளம். படகோட்டிகள் பதினான்கு பேர். அட்டையை மனப்பாடம் செய்தவர்கள் மூன்று பேர்.

தற்செயலாக இருக்கலாம் என்று முதலில் எழுதினாள். பிறகு அதை அடித்துவிட்டு, 'பதினான்கு தற்செயலாக இருக்கலாம், மூன்றும் தற்செயலாக இருக்கலாம், மனப்பாடமுமா?' என்று எழுதினாள். அதற்குக் கீழே, 'எனக்கு எதையும் சந்தேகப்படுகிற புத்தி உண்டு. அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்' என்று சேர்த்துக்கொண்டாள்.

கோகிலவாணிக்கு இருபத்தாறு வயது. பகலில் கோயம்புத்தூரில் ஒரு மோட்டார் கம்பெனியில் தரப் பரிசோதகர். மாலை ஆறிலிருந்து எட்டு வரை அவினாசி சாலையில் ஒரு கல்லூரியில் எம்.பி.ஏ. அந்த வகுப்பில் நாற்பத்தெட்டுப் பேர், எல்லாரும் எங்கேயோ வேலை பார்த்துக் களைத்து வருகிறவர்கள். புதன்கிழமை வணிக நெறி பாடம். பாடத்துக்குப் புத்தகம் கிடையாது. நடுவன்தான் பாடம்.

நடுவனைத் தெரியாதவர்கள் அப்போது தமிழ்நாட்டில் இல்லை. உயிருக்கு ஆபத்து வரக்கூடிய எந்த முடிவையும் கம்பெனிகள் தாங்களாக எடுக்கக் கூடாது, நடுவன் என்ற இயந்திரத்திடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று சட்டம் வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. விவரங்களைக் கொடுத்தால் அது முடிவைச் சொல்லும். அதை மீற முடியாது. கல்லூரியில் இருந்தது அதே நடுவனின் பயிற்சிப் பதிப்பு என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். திரையில் ஒரு கற்பனை வழக்கு வரும். ஒரு மணி நேரம் வாதாடுவார்கள். பிறகு ஒவ்வொருவரும் மேசையில் பதித்திருக்கும் மூன்று பொத்தான்களில் ஒன்றை அமுக்க வேண்டும். 'அ' என்றால் ஊரறியச் சொல்லிச் சரிசெய்வது. 'ஆ' என்றால் சத்தமில்லாமல் சரிசெய்வது. 'இ' என்றால் மேலும் ஆராய்ந்த பிறகு முடிவெடுப்பது. ஏன் என்று நாலு வரி எழுதினால் பத்துக்கு மதிப்பெண் விழும்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் மனதில் பஸ் கம்பெனி மட்டும் இல்லை. அவளுடைய கம்பெனி விற்ற கிணற்று மோட்டார்களில் ஒரு குறை இருந்தது. ரப்பர் சீல் சீக்கிரம் இறுகிப்போய்த் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. அப்படி இறங்கினால் மோட்டார் உடம்பிலும் குழாயிலும் கரண்ட் பாயும். இருநூறு மோட்டாரைச் சோதித்ததில் ஆறில் அந்தக் குறையைக் கண்டுபிடித்தவள் அவள்தான். ஏற்கெனவே விற்றுப்போனது மூவாயிரத்து நானூறு. எர்த் சரியாக இருந்தால் ஆபத்தில்லை என்று மேனேஜர் துரைசாமி சொன்னார். அதற்காகவே அவள் மூன்று ஞாயிற்றுக்கிழமை தன் ஸ்கூட்டியில் பதினோரு தோட்டங்களுக்குப் போய்ப் பார்த்தாள். எட்டுத் தோட்டங்களில் எர்த் என்ற பெயரில் வளைந்த கம்பி ஒன்று காய்ந்த மண்ணில் செருகியிருந்தது. ஒரு தோட்டத்தில் அதில் துணி காயப்போட்டிருந்தார்கள்.

"நீ எழுதினதெல்லாம் நடுவனுக்கு அனுப்பியாச்சும்மா. அது திரும்ப எடுக்கச் சொன்னா எடுக்கறோம். வேண்டாம்னா விடறோம். இனி நம்ம கையில ஒண்ணுமில்ல" என்றார் துரைசாமி. அப்படிச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அதையும் அவள் குறித்து வைத்திருந்தாள். ஐப்பசி மழை தொடங்க இன்னும் மூன்று வாரம் இருந்தது.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் உட்கார்ந்து, வகுப்பில் வந்த பத்தொன்பது வழக்குகளையும் பழைய செய்திகளோடு ஒப்பிட்டாள். ஏழு பொருந்தின. வகுப்பு புதன்கிழமை சொன்னதை நடுவன் வியாழக்கிழமை ஆணையாகப் போட்டிருந்தது. ஏழிலும் அப்படியேதான்.

திங்கட்கிழமை வகுப்பு தொடங்குவதற்கு முன்பே பேராசிரியை தமயந்தியின் அறைக்குப் போனாள். தமயந்திக்கு ஐம்பது வயதிருக்கும். வகுப்பில் அதிகம் பேசாதவர். வழக்கைத் திரையில் போட்டுவிட்டு ஜன்னலோரமாகப் போய் நின்றுகொள்வார்.

"மேடம், நம்ம கிளாஸ்ல வர்றது கற்பனை வழக்குங்களா?"

தமயந்தி திருத்திக்கொண்டிருந்த தாளிலிருந்து தலையை எடுக்கவில்லை. "ஏன் கேக்கற?"

கோகிலவாணி நோட்டைத் திறந்து மேசைமேல் வைத்தாள். இடது பக்கம் வழக்கு, வலது பக்கம் செய்தி. தமயந்தி ஏழு பக்கங்களையும் புரட்டினார். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். அவர் கதவைச் சாத்தியதுமே கோகிலவாணிக்குப் பதில் தெரிந்துவிட்டது.

"இயந்திரம் தனியா முடிவு சொல்லக் கூடாதுன்னு சட்டத்துலயே இருக்கும்மா. பின்னாடி நாப்பது மனுசங்களாவது யோசிச்சிருக்கணும். அந்த நாப்பது பேர் நீங்கதான். இங்க ஒரு காலேஜ், மதுரையில ஒண்ணு, திருச்சியில ஒண்ணு. ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு வழக்கு."

"எங்ககிட்டச் சொல்லலையே?"

"மொத வருசம் சொல்லித்தான் செஞ்சோம். நிஜம்னு தெரிஞ்ச பேட்ச் என்ன பண்ணுச்சு தெரியுமா? எதுக்கெடுத்தாலும் 'இ'. மேலும் ஆராயணும், அடுத்த மாசம் பாக்கலாம், இன்னொரு ரிப்போர்ட் வரட்டும். ஒரு பாய்லர் வழக்கு வந்துச்சு. நாலு வாரம் 'இ' போட்டாங்க. அஞ்சாவது வாரம் போட வழக்கே இல்ல, பாய்லர் வெடிச்சிருச்சு." அவர் திருத்திய தாள்களை ஓரமாக அடுக்கி வைத்தார். "யாரும் கெட்டவங்க இல்ல. தன் தலையில விழுந்துருமோன்னு பயம். அவ்வளவுதான். பயிற்சின்னு சொன்னப்புறம் பாரு, எல்லாரும் 'அ' போடறீங்க."

"அது மனசாட்சி இல்லீங்க மேடம். 'அ' போட்டா மார்க் வருது. நவநீதன் நோட்ஸே போட்டிருக்கான். மறைக்காதே, மன்னிப்புக் கேள், நஷ்டத்தைத் தாங்கு, இந்த மூணும் இருந்தா ஒம்பது மார்க்குன்னு. எதிர்த்த ஜெராக்ஸ் கடையில எல்லாரும் வாங்கி அதைத்தான் மாத்தி மாத்தி எழுதறோம்."

"தெரியும்."

"மார்க் போடறது நடுவனுங்களா?"

தமயந்தி மேசைமேல் கிடந்த பேனாவை எடுத்து மூடி வைத்தார். "நான்."

கோகிலவாணிக்கு உள்ளுக்குள் எல்லாம் வரிசையாக வந்து உட்கார்ந்தது. மேடத்துக்குப் பிடித்த பதிலுக்கு மார்க். மார்க்குக்கு நோட்ஸ். நோட்ஸுக்கு நாற்பத்தெட்டு விரல்.

"அப்போ முடிவு எடுக்கறது நீங்க ஒருத்தர்தான். எங்க பேரைப் போட்டுக்கறீங்க."

"நான் இதுவரைக்கும் எடுத்த முடிவுல எது தப்புன்னு சொல்லு."

ஏழு வழக்குகளில் ஒன்றுகூட அவளுக்குத் தப்பாகப் படவில்லை. ஆனால் பாய்லர் கதை நிஜமா என்று அவளுக்குத் தெரியாது. இந்த அம்மாள் எதற்காகவும் எதையும் சொல்லக்கூடும். கதவைச் சாத்திய கை வேறு நினைவில் நின்றது. கிளம்பும்போது, "யார்கிட்டயும் சொல்லாதம்மா, உன்னையக் கெஞ்சிக் கேட்டுக்கறேன்" என்றார் தமயந்தி. கெஞ்சுகிறவர்களிடம் கோகிலவாணிக்கு எப்போதுமே சந்தேகம் அதிகம்.

செவ்வாய்க்கிழமை வகுப்புக்கு முன், கேண்டீனில் எல்லாரும் கூடியிருந்தபோது சொல்லிவிட்டாள். நெறி படிக்க வந்தவர்களை ஏமாற்றி நெறி சொல்லித்தருவதா என்பதுதான் அவளுடைய கேள்வி. இரவெல்லாம் யோசித்தும் அந்தக் கேள்வியில் அவளுக்கு ஓட்டை தெரியவில்லை.

நவநீதன்தான் முதலில் சிரித்தான். பகலில் அவன் ஒரு நூற்பாலையில் கொள்முதல் பார்க்கிறவன். பஞ்சு வியாபாரிகளிடம் பேசிப் பேசி யாரையும் கிண்டல் பண்ணுகிற வாய்.

"அம்மணி, என்ற நோட்ஸ வெச்சுத்தான் தமிழ்நாடே ஓடுதுங்கறயா? அப்ப ஜெராக்ஸ் கடைக்காரருக்கு மந்திரி பதவி குடுக்கணுமே!"

"நான் ஏழு வழக்கு ஒப்பிட்டுப் பாத்தேன் நவநீதா. வேணும்னா நோட்டைப் பாரு."

"உனக்கு எதுலதான் சந்தேகம் இல்ல? போன மாசம் கேண்டீன் வடையில சோடா போடறாங்கன்ன."

"போட்டாங்கல்ல?"

"போட்டாங்கதான்" என்று ஒத்துக்கொண்டான். எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அந்தச் சிரிப்பு சீக்கிரம் அடங்கியது. கலைந்து போகும்போது யாரும் யாரோடும் சேர்ந்து போகவில்லை. மருத்துவமனையில் வேலை பார்க்கும் ரெஜினா அக்கா மட்டும் பின்னால் வந்து, "நாலு மாசத்துக்கு முன்னாடி ஒரு ஆஸ்பத்திரி வழக்கு வந்துச்சே வாணி, அது எங்குளுதா இருக்குமோ?" என்று கேட்டாள். குரலில் நன்றி எதுவும் இல்லை. ஏன் சொன்னாய் என்றுதான் அது கேட்டது.

புதன்கிழமை மாலை. திரையில் வழக்கு வந்தது.

வட மாநிலம் ஒன்றில் தண்ணீர் சூடாக்கும் கருவி செய்யும் கம்பெனி. இருநூறு கருவிகளில் ஆறில் மின்கசிவு. விற்றது மூவாயிரத்து நானூறு. பரிசோதகர் விடுமுறை நாட்களில் தன் சொந்தப் பொறுப்பில் பதினோரு வீடுகளுக்குப் போய்ப் பார்த்திருக்கிறார். எட்டு வீடுகளில் எர்த் சரியில்லை.

அவள் எழுதிய ரிப்போர்ட்தான். ஊரையும் பொருளையும் மாற்றியிருந்தார்கள். ஒரு வீட்டில் எர்த் கம்பியில் துணி காயப்போட்டிருந்தது என்பதைக்கூட விடவில்லை.

கோகிலவாணி வகுப்பைத் திரும்பிப் பார்த்தாள். வழக்கமாக இந்த நேரத்தில் நோட்ஸைப் பிரித்து வைத்துக்கொண்டு, சுருதி சேர்த்த மாதிரி எல்லாரும் மன்னிப்பு, நஷ்டம் என்று ஆரம்பித்துவிடுவார்கள். இன்று ஒருவரும் நோட்ஸை எடுக்கவில்லை.

"ஆறுதான கெட்டுப்போயிருக்கு" என்று யாரோ ஆரம்பித்தார்கள்.

"இருநூறு பத்தாதுங்க. ஆயிரமாச்சும் சோதிக்கணும்."

"மூவாயிரத்து நானூறையும் திரும்ப எடுத்தா கம்பெனி நிக்குமா? அதுல வேலை செய்யறவங்க கதி?" இது ரெஜினா அக்கா.

"அந்தப் பரிசோதகர் யாரு, லீவு நாள்ல ஊர் சுத்தறவரு? அவருக்கு என்ன உள்நோக்கமோ?" என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்டது. கோகிலவாணி திரும்பிப் பார்க்கவில்லை. அந்த இடத்தில் தான் இருந்திருந்தால் தானும் இதையே கேட்டிருப்போம் என்று தோன்றியது.

"அவசரப்பட வேண்டாங்க. இன்னொரு ரிப்போர்ட் வரட்டும்" என்றான் நவநீதன். கிண்டல் இல்லாத குரலில் அவன் பேசி அவள் கேட்டதேயில்லை. நேற்று அவ்வளவு சிரித்தவன், நம்பியிருக்கிறான். முழுசாக நம்பவில்லை. பாதி நம்பினாலே போதும் போலிருக்கிறது.

பாய்லர் கதை நிஜம்தான் என்று அவளுக்கு அப்போது தெரிந்தது. தமயந்தி ஜன்னலோரம் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தேவலை.

பொத்தான் அமுக்க இரண்டு நிமிஷம் என்று திரை சொன்னது. கோகிலவாணிக்கு அந்தத் தோட்டங்கள் ஞாபகம் வந்தன. இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டு, ஈரக் கையோடு குழாயைப் பிடித்துக்கொண்டு பேசிய ஒருவர். மழை வந்தால் அந்தக் குழாயை அவர் செருப்பில்லாத காலோடு நின்றுதான் பிடிப்பார்.

அவள் எழுந்து நின்றாள்.

"நேத்து நான் சொன்னது பொய்."

நாற்பத்தேழு முகங்கள் திரும்பின.

"எல்லாரும் ஒரே நோட்ஸப் பாத்து எழுதறீங்கன்னு எனக்கு எரிச்சல். பயமுறுத்திப் பாக்கலாம்னுதான் அப்படிச் சொன்னேன். பேப்பர்ல வந்ததுன்னு சொன்ன நம்பரெல்லாம் நானா நோட்டுல எழுதிக்கிட்டது. மேடத்துகிட்ட வேணாக் கேளுங்க. இது வெறும் பயிற்சி. தப்பா எடுத்துக்காதீங்க."

வாழ்நாளில் அவள் இவ்வளவு பேர் முன்னால் பொய் சொன்னதில்லை. மேசையைப் பிடித்திருந்த விரல்கள் நடுங்கின.

"ஆமா, பயிற்சிதான்" என்றார் தமயந்தி ஜன்னலோரமாக.

பிறகு நவநீதன் பையிலிருந்து நோட்ஸை எடுத்து மேசைமேல் தட்டி வைத்தான். "வாணிக்குப் பத்துக்குச் சைபர் போடுங்க மேடம்" என்றான். சிரிப்பு எழுந்தது. பொத்தான்கள் டக் டக்கென்று அமுங்கின. நாற்பத்து மூன்று 'அ'. ஐந்து 'இ'.

வெளியே வரும்போது வண்டி நிறுத்துமிடத்தில் நவநீதன் அவளுக்காகக் காத்திருந்தான்.

"பொய் சொல்லத் தெரியாதவ எதுக்கு அம்மணி சொல்ற? கை அந்த ஆட்டம் ஆடுது."

"உனக்குத் தெரிஞ்சுதா?"

"எனக்கு மட்டுமா? பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேரு தெரிஞ்சுக்க வேண்டாம்னு இருந்துட்டாங்க."

"அப்புறம் ஏன் 'அ' போட்டீங்க?"

அவன் ஹெல்மெட்டைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே யோசித்தான். "அது சரியான பதிலுன்னு எல்லாருக்கும் தெரியும் வாணி. அதுல என்ன சந்தேகம்? ஆனா நிஜம்னா நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா எங்களைக் கேப்பாங்க. இப்ப, வாணிதான் பயிற்சின்னு சொன்னா, நாங்க நம்பிப் போட்டோம்னு சொல்லிக்கலாம்ல? யாராச்சும் ஒருத்தர் முன்னாடி நின்னாப் போதும். நீ நின்ன." வண்டியைக் கிளப்பியவன், "நல்லவேளை" என்று சேர்த்துக்கொண்டான். அது யாருக்கு நல்ல வேளை என்று அவன் சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலையில் நடுவனின் ஆணை கம்பெனிக்கு வந்தது. துரைசாமி அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தார். அடுத்த ஐந்து நாளில் மோட்டார்கள் லாரி லாரியாகத் திரும்பி வந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்துச் சீலைப் பார்ப்பது அவள் வேலை. முதல் அறுபதிலேயே மூன்று ஈரம். ஒவ்வொரு ஈர மோட்டாருக்கும் அவள் மனது, சரிதான், சரிதான் என்றது. எண்ணூறைத் தாண்டியபோது அப்படிச் சொல்லிக்கொள்வதை நிறுத்திவிட்டாள். மோட்டார் சரியென்று காட்டியது. மற்றதைப் பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஒருவர் நாற்பத்தெட்டுப் பேருக்காக முடிவெடுக்கக் கூடாது என்று சொன்னவள், எடுத்திருக்கிறாள். தமயந்தி பேனாவால் செய்ததை அவள் வாயால் செய்திருக்கிறாள். அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்த புதன்கிழமை அவள் வகுப்புக்குப் போகாமல் இருந்திருக்கலாம். போனாள்.

திரையில் ஒரு மருந்து ஆலை வந்தது. அதன் கழிவு பக்கத்து ஊர்க் கிணறுகளில் இறங்குகிறது. ஊரறியச் சொன்னால் அன்றே ஆலையை மூட வேண்டி வரும். இருநூறு நோயாளிகளுக்கான மருந்தை அந்த ஓர் ஆலைதான் செய்கிறது. வேறு இடத்தில் செய்ய எட்டு மாதம் பிடிக்கும். அந்த நோயாளிகளில் எத்தனை பேர் எட்டு மாதம் தாங்குவார்கள் என்று தெரியவில்லை.

கோகிலவாணி அதை வரி வரியாகப் படித்தாள். நோட்ஸ் இதற்கும் 'அ' என்றுதான் சொல்லும். 'அ' இருநூறு பேரைக் கொன்றாலும் கொல்லும். 'இ' கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிறவர்களைக் கொன்றாலும் கொல்லும். 'ஆ' என்றால் சத்தமில்லாமல், யாருக்கும் சொல்லாமல், சரிசெய்து முடிக்கும்வரை அந்தத் தண்ணீரையே அவர்கள் குடித்துக்கொண்டிருக்க வேண்டும். எது சரி என்று அவளுக்கு உண்மையாகவே தெரியவில்லை. இதற்கெல்லாம் நேரம் வேண்டும், பேச வேண்டும், நாற்பத்தெட்டுப் பேரும் உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

தலையை நிமிர்த்தினாள். ஒருவரும் யோசித்துக்கொண்டிருக்கவில்லை. திரையை யாரும் பார்க்கவேயில்லை. நாற்பத்தேழு பேரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வாணி" என்றாள் ரெஜினா அக்கா மெதுவாக. "இதும் பயிற்சிதானே?"

ஆமாம் என்றால் 'அ'. இல்லை என்றால் 'இ'. கோகிலவாணி ஜன்னல் பக்கம் பார்த்தாள். தமயந்தி முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். பதில் சொல்ல வாயைத் திறந்தாள். ஒரு விநாடி ஆயிற்று, இன்னொரு விநாடி ஆயிற்று. யோசிப்பதற்கு அவளுக்கு அதைவிடக் கொஞ்சம் கூட வேண்டியிருந்தது. அவர்களுக்கு அந்தத் தயக்கமே பதிலாகப் போதுமாக இருந்தது.

பின்வரிசையில் யாரோ ஒரு பொத்தானை அமுக்கிய சத்தம் கேட்டது. பிறகு இன்னொருவர். பிறகு வரிசையாக.